மருந்து வரும், நான் இருக்க மாட்டன்

போன வருஷம் ஆவணியில் என் மாமா இறந்துபோனார். கணையத்தில் புற்றுநோய், கண்டுபிடித்த நாளிலிருந்து ஐந்து மாதம். அம்மாவின் அண்ணன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவர். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நாற்பது வயதிலேயே விட்டுவிட்டார், சிகரெட்டைத் தொட்டதில்லை, மழையோ வெயிலோ விடிய ஐந்தரைக்கு மரைன் டிரைவில் கொள்ளுப்பிட்டிப் பக்கம் வரை நடந்து திரும்புவார், வருஷத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்து அந்த ரிப்போட்டுகளை எல்லாம் ஒரு ஃபைலில் திகதிப்படி அடுக்கி வைத்திருந்தார். நெடுநாள் இருப்பதற்கு ஒரு மனிதன் செய்யக்கூடியதை எல்லாம் செய்தவர். அறுபத்தாறு வயதில் முடிந்தது.

கடைசி மாதத்தில் ஒருநாள் மத்தியானம், சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதுக்கு ஒரு மருந்து வரும். இருபது வருஷமோ முப்பது வருஷமோ, கட்டாயம் வரும். நான் இருக்க மாட்டன், அவ்வளவுதான்." கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. வந்த பஸ் நிற்காமல் போய்விட்டது என்பதுபோலச் சொன்னார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். ரொறொன்ரோவில் 1921இல் கண்டுபிடித்தார்கள், 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு ஏற்றினார்கள், அவன் பிழைத்தான். அதே நோய் வந்து 1920இல் செத்த பிள்ளைக்கும் அவனுக்கும் இடையில் இரண்டே வருஷ வித்தியாசம்தான். என் அம்மா இப்போது தினமும் காலையில் பிரிட்ஜைத் திறந்து எடுத்துப் போட்டுக்கொள்கிற அந்த ஊசி, அந்தப் பிள்ளையின் தாய்க்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடைத்திருக்காது.

மாமாவின் மகன், என் மச்சான், ரொறொன்ரோவில்தான் இருக்கிறார். லீவு எடுத்து, டிக்கெட் கிடைத்து, டோஹாவில் மாறி வந்து சேர நான்கு நாளாயிற்று. அதுவரை மாமாவை எம்பாம் பண்ணி மலர்ச்சாலையில் வைத்திருந்தோம். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் சனத்துக்கு இது வழமைதான். முதல் நாள் இரவு நான் பக்கத்தில் இருந்தேன். ஃபோமலின் மணமும் ஊதுபத்தி மணமும் கலந்து தொண்டையில் நின்றது. அவருடைய வலது கைச் சுட்டுவிரலில், முப்பது வருஷம் சோக் பிடித்த இடத்தில், தோல் தடித்திருக்கும். அந்தத் தடிப்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் நினைத்தேன்: மகன் வந்து முகம் பார்க்கட்டும் என்று நான்கு நாள் வைத்திருக்கத் தெரிந்த எங்களுக்கு, மருந்து வந்து சேரும்வரை வைத்திருக்கலாமே என்று ஏன் ஒருநாளும் தோன்றவில்லை?

இந்த யோசனைக்கு ஏற்கனவே ஒரு பெயர் இருக்கிறது, கிரையோனிக்ஸ். சட்டப்படி இறந்துவிட்டார் என்று டொக்டர் சொன்ன அந்த நிமிஷத்திலிருந்தே உடம்பைக் குளிராக்கத் தொடங்கி, கடைசியில் திரவ நைதரசனில், மைனஸ் 196 பாகையில், வைத்துவிடுவது. அந்தக் குளிரில் உடம்புக்குள் எந்த இரசாயன மாற்றமும் நடக்காது என்றே சொல்லலாம், நூறு வருஷம் வைத்தாலும் முதல் நாள் இருந்தபடி இருக்கும். மிச்சிகனில் இயற்பியல் படிப்பித்த ரொபேர்ட் எட்டிங்கர் 1960களில் இதை எழுதிப் பரப்பினார். 1967 ஜனவரி 12ஆம் திகதி ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற உளவியல் பேராசிரியர், எழுபத்து மூன்று வயது, சிறுநீரகப் புற்றுநோய், கலிஃபோர்னியாவில் இறந்தபோது முதன்முதலாக அவரை இப்படி வைத்தார்கள். இன்றைக்கும் அரிசோனாவில் அல்கோர் என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறார். எட்டிங்கரே 2011இல் தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்து, 1976இல் தான் தொடங்கிய கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிறார். உலகம் முழுவதும் சேர்த்தால் சில நூறு பேர். அவர்களில் ஒருவரும் எழும்பவில்லை, எழுப்புகிற வழியும் இன்று எவருக்கும் தெரியாது. இதை மறைத்துக்கொண்டு உங்களோடு பேசுகிற ஒருவரை நம்ப வேண்டாம்.

சரி, அப்படியென்றால் இதைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்றால், ஆயுளை நீட்டுவது பற்றி என்னோடு பேசுகிற நண்பர்கள் இதை எப்போதும் தனியாகத் தள்ளி வைக்கிறார்கள். ஒரு பக்கம் உணவுக் கட்டுப்பாடு, விரதம், நடை, மெட்ஃபோமின், ரபமைசின் மாதிரி மருந்துகள் என்று வாழ்கிறவர்களின் வழி, மறுபக்கம் செத்த பிறகு ஐஸில் வைக்கிற விசர் வேலை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள். எனக்கு அது ஒரே வேலையின் இரண்டு கைகளாகத்தான் தெரிகிறது.

முதல் கையை நான் குறைவாக நினைக்கவில்லை. 1935இலேயே அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குச் சாப்பாட்டைக் குறைத்துக் கொடுத்து, அவை நீண்டநாள் வாழ்ந்ததைக் காட்டிவிட்டார்கள். ரபமைசினின் கதை இன்னும் அழகானது. 1964இல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன ஒரு குழு கொண்டுவந்த மண்ணில் இருந்த ஒரு பக்டீரியாவிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள், அந்தத் தீவின் சொந்தப் பெயரான ராப்பா நூயியையே மருந்துக்கும் வைத்தார்கள். 2009இல் 600 நாள் வயதான எலிகளுக்கு, எங்கள் கணக்கில் அறுபது வயதுக்காரருக்குக் கொடுத்ததுபோல, அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெடுநாள் வாழ்ந்த எலிகளின் ஆயுள் பெண்களில் 14 சதவீதமும் ஆண்களில் 9 சதவீதமும் கூடியிருந்தது. கிழடான பிறகு தொடங்கினாலும் பயன் உண்டு என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் எலி வேறு, மனிதன் வேறு. குரங்குக்கு வந்தவுடனேயே குழப்பம் வந்துவிட்டது. சாப்பாட்டைக் குறைத்த ரீசஸ் குரங்குகள் கூடுதல் காலம் வாழ்ந்தன என்று விஸ்கொன்சினில் 2009இல் சொன்னார்கள், அமெரிக்கத் தேசிய முதுமை நிறுவனத்தில் 2012இல் அப்படி ஆயுள் கூடியதைக் காணவில்லை என்றார்கள். மனிதரில் மிக நீண்ட ஆயுள் என்று பதிவானது பிரான்ஸின் ஜோன் கல்மோன் அம்மையாருடைய 122 வருஷம். அவர் 1997இல் போனார், அதன்பிறகு இத்தனை மருந்து வந்தும் அந்த எல்லையை ஒருவரும் தாண்டவில்லை.

ஆக, முதல் கை எங்களுக்குச் சில வருஷங்களை வாங்கித் தரலாம். முதுமையையே நிறுத்துகிற மருந்து வரும்போது இருப்பவர்களுக்கு அது போதும். அதற்கு முதலே போகிறவர்களுக்கு? மாமாவுக்கு? எவ்வளவுதான் கவனமாக இருந்தாலும் டெங்கு யாரையும் பிடிக்கலாம், 2017இல் மட்டும் இந்த நாட்டில் ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் பிடித்தது. காலி வீதியில் மஞ்சள் கோட்டில் கால் வைத்த மனிதரை அடித்துவிட்டுப் போகிற பஸ்ஸுக்கு உங்கள் கொலஸ்ட்ரோல் எவ்வளவு என்று தெரியாது.

இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தேவை என்பது யோசிக்க யோசிக்கத்தான் எனக்குப் பிடிபட்டது. பெட்ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் அவருக்குச் செய்தது மிகவும் ஆரம்பநிலையான வேலை, உறைகிறபோது பனித்துகள் உண்டாகிக் கலங்களைக் கிழிப்பதை அப்போது தடுக்க முடியவில்லை. அவர் இன்னும் நாற்பது வருஷம் இருந்துவிட்டுப் போயிருந்தால் பனியைப் பெரிதும் தவிர்த்து வைக்கிற முறை அவருக்குக் கிடைத்திருக்கும். அதாவது நடப்பதும் சீனியை விடுவதும் பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுவதும் எங்கள் முறை வருகிறபோது இன்னும் நல்ல முறையில் வைக்கப்படுவதற்கான வழி. மறுபக்கத்திலும் அதேதான். தொண்ணூறு வயதில் வைத்த ஒருவரை எழுப்பி அதே தொண்ணூறு வயது உடம்போடு விட்டால் அடுத்த கிழமையே திரும்பச் சாவார். முதுமையை மாற்றத் தெரிந்த வைத்தியம் இல்லாமல் எழுப்புவதில் அர்த்தமே இல்லை. கியோட்டோவில் யமனாக்கா என்ற விஞ்ஞானி 2006இல் நான்கு ஜீன்களைக் கொண்டு எலியின் முதிர்ந்த கலத்தைக் கருவில் இருக்கிற கலம் போன்ற நிலைக்குத் திருப்பினாரே, அந்த வழியில் வருகிற ஆராய்ச்சிதான் கிரையோனிக்ஸுக்கும் உயிர்.

இன்னொன்று, நான் மிக முக்கியமாக நினைப்பது. மூளை அழிந்துவிட்டால் குளிரில் வைத்துப் பயனில்லை. மறதிநோய் வந்து பத்து வருஷம் கிடந்து இறக்கிறவரிடம், அவரை அவராக்கிய ஞாபகங்கள் சாவுக்கு முதலே போய்விடுகின்றன. எந்த நைதரசனும் அதைத் திருப்பித் தராது. சலரோகத்தையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்திருப்பது மூளையைக் காப்பாற்றுகிற வேலை, ஆகவே கிரையோனிக்ஸில் நம்பிக்கை இருக்கிற ஒருவர்தான் தன் உடம்பில் மற்ற எல்லாரையும்விடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். "செத்தால் ஐஸில் வைப்பார்கள்தானே" என்று கண்டபடி சாப்பிடுகிறவருக்கு இது விளங்கவே இல்லை.

குளிர் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தக்காளியை ஃபிரீசரில் வைத்து அடுத்த நாள் வெளியே எடுத்து விடுங்கள். தோல் சுருங்கி, தண்ணீர் ஒழுகி, விரலால் அமத்தினால் சாறாகிவிடும். தண்ணீர் பனியாகிறபோது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், கூர்மையான துகளாகும், அதுதான் காரணம். பனியே உண்டாகாமல் குளிராக்கினால்? இதைக் கண்ணாடியாக்கல் என்கிறார்கள். இரத்தத்தை வெளியேற்றிவிட்டு, பனிபிடிக்க விடாத ஒரு திரவத்தைக் கலங்களுக்குள் ஏற்றிக் குளிராக்கினால், மைனஸ் 120 பாகைக்குக் கொஞ்சம் கீழே போகும்போது எல்லாம் கண்ணாடி மாதிரி இறுகி அப்படியே நின்றுவிடும். அந்தத் திரவத்துக்கு நஞ்சுத்தன்மை உண்டு, திரும்பச் சூடாக்குகிறபோது ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தினால் வெடிக்கும். சூடாக்குவதுதான் பெரிய சிக்கல். 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியின் சிறுநீரகத்தை நூறு நாள் வரை இப்படி வைத்து, உள்ளே செலுத்திய இரும்பு ஒக்சைட்டின் நுண்துகள்களைக் காந்தப்புலத்தால் சூடாக்கி, எல்லாப் பக்கமும் ஒரே சீராக உருக்கி, வேறு எலிக்கு வைத்தார்கள். அது வேலை செய்தது. மூளையில் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. 2016இல் ஒரு முயலின் மூளையை அதன் நரம்பு இணைப்புகள் எல்லாம் கெடாமல் வைத்துக் காட்டி ஒரு பரிசு வாங்கினார்கள், ஆனால் அதற்கு முதலில் குளுட்டரால்டிஹைட் ஏற்றினார்கள், அது மாமாவுக்கு ஏற்றிய ஃபோமலினுக்குச் சொந்தக்காரன். அமைப்பு நிற்கும், உயிரோட்டம் நிற்காது.

திரவ நைதரசனை நான் முதலில் பார்த்தது கிளிநொச்சியில், பெரியப்பா வீட்டில், பத்து வயதில். மாட்டுக்குச் சினை ஊசி போட வந்தவர் மோட்டர் சைக்கிளின் பின்னால் பால் கேன் மாதிரி ஒரு கலனைக் கட்டிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை கழுத்துவழியே வழிந்து நிலத்தில் படர்ந்தது, மேலே எழும்பாமல். ஒரு நீண்ட கிடுக்கியால் வைக்கோல் துரும்பு மாதிரி ஒன்றை எடுத்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட்டார். அதற்குள் இருந்தது எத்தனையோ மாதத்துக்கு முந்திய காளையின் விந்து. அந்த மாரிக்கு முதல் கன்று பிறந்தது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கொழும்பில் இன்று பிள்ளைப்பேற்று வைத்தியம் செய்கிற இடங்களில் கருவையே இப்படி வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை இரண்டு வருஷம் அப்படி இருந்துவிட்டு வந்து இப்போது முதலாம் வகுப்புக்குப் போகிறாள். சில கலங்களுக்கு இது முடிந்துவிட்டது. முழு மனிதனுக்கு முடியவில்லை. இடையில் இருக்கிற தூரம் பெரியது, ஆனால் அது ஒரே தெருவில் இருக்கிற தூரம்.

"கரண்ட் போனால் என்ன செய்வாய்?" என்று எல்லாரும் கேட்பார்கள். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல், அம்மாவின் இன்சுலினை மண்குடத் தண்ணீரில் வைத்துக் காப்பாற்றின எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. உடம்பை வைக்கிற கலனுக்குக் கரண்ட் தேவையில்லை. தேத்தண்ணிப் பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம், ஆள் உயரத்துக்கு மேல். நைதரசன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், இடைக்கிடை நிரப்பினால் போதும். ஆளைத் தலைகீழாகத்தான் வைக்கிறார்கள், எப்போதாவது மட்டம் குறைந்தாலும் தலை கடைசிவரை குளிரில் இருக்கட்டும் என்று. கரண்டைவிடப் பயப்பட வேண்டியது பணத்துக்கு. கலிஃபோர்னியாவின் சட்ஸ்வேர்த் மயானத்தில் நிலவறையில் வைத்திருந்த ஒன்பது பேர், உறவினர்கள் காசு கட்டுவதை நிறுத்தியதும் நைதரசன் நிரப்ப ஆளில்லாமல் உருகிப்போனார்கள், 1979இல் அது வெளியில் வந்தது. அந்தக் குடும்பங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. அதன்பிறகுதான் முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஒதுக்கி, பெரும்பாலும் ஆயுள் காப்புறுதியாக, எழுதி வாங்குகிற ஒழுங்கு இறுகியது.

கொழும்பிலிருந்து இதைச் செய்வது இன்றைக்கு மிகக் கஷ்டம். கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் குறைந்தது 28,000 டொலர், ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 84 லட்சம், அதுவும் உடம்பை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவு இல்லாமல். காசைவிட நேரம்தான் கொல்கிறது. இதயம் நின்றதும் ஐஸில் இறக்கி, நெஞ்சை அமத்தி இரத்தத்தை ஓட வைத்து, அது கட்டிபடாமல் இருக்க ஹெப்பரின் என்ற மருந்தை ஏற்ற வேண்டும், அது நிமிஷக் கணக்கு. இங்கே திடீரென்று இறந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வர வேண்டும், பிறகு பெரும்பாலும் பிரேத பரிசோதனை. சட்டத்தில் இதற்கென்று ஒரு வரி இல்லை. உடம்பை என்ன செய்வது என்பதைக் குடும்பத்திடம் கேட்காமல் அரசாங்கம் முடிவுசெய்தால் எப்படி இருக்கும் என்பதை 2020இல் கொரோனாவில் இறந்த எங்கள் முஸ்லிம் சகோதரர்களின் பிரேதங்களை எரித்தபோது பார்த்தோம், அந்தக் காயம் ஆறவில்லை.

ஆனாலும் இந்த நாட்டைப் பற்றி எனக்கு நம்பிக்கை உண்டு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தான சங்கத்தைத் தொடங்கியபோது செத்தவரின் கண்ணை எடுப்பது என்றால் எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள்! 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் போயின, அதன்பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் பல்லாயிரக்கணக்கில் போயின. செத்த உடம்பின் ஒரு பாகத்தைக் குளிரில் வைத்து இன்னொரு வாழ்வுக்கு அனுப்புவதில் உலகத்துக்கே வழிகாட்டிய சிறு தீவு இது. சிறுநீரகத்தையும் இதயத்தையும் நெடுநாள் குளிரில் வைத்திருக்கிற ஆராய்ச்சி இங்கேயும் தொடங்கினால் அது முதலில் மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு உதவும். கிரையோனிக்ஸில் நம்பிக்கை இல்லாதவர்களும் அதற்கு ஆதரவு தரலாம் என்றுதான் கேட்கிறேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ஒரு முழுப் பின்னேரம் கேட்டுக்கொண்டிருந்தார், முருங்கைக்காயை நறுக்கியபடி. முதலில் கொள்ளி வைக்காமல், எட்டுச் செலவு, அந்தியேட்டி ஒன்றும் இல்லாமல் ஆத்மா எங்கே போகும் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இல்லை என்றுதான் சொன்னேன். பிறகு கேட்டார்: "எழும்பினாலும் தெரிஞ்ச முகம் ஒண்டும் இல்லாமல் தனிய நிண்டு என்ன செய்யப்போறாய்?"

அந்தக் கேள்விக்கு மட்டும் எங்கள் சனத்திடம் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மச்சான் பத்தொன்பது வயதில், ஒரு பையோடு, மொழி தெரியாமல், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத பனிக்குள் போய் இறங்கினவர். முதல் மாரி முழுவதும் அழுததாகச் சொல்லுவார். இப்போது அங்கே வீடு, பிள்ளைகள், கோயில், பக்கத்துத் தெருவில் இடியப்பம் விற்கிற கடை. எல்லாவற்றையும் இழந்து புதிய இடத்தில் எழும்பி நிற்பது எப்படி என்று ஒரு தலைமுறை முழுவதும் செய்து காட்டியிருக்கிறது. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது கத்தி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது.

"நீ உனக்கு என்னவும் செய்," என்றார் கடைசியில். "எனக்கு நீ கொள்ளி வைக்க வேணும். கனத்தையிலை, அண்ணாவுக்கு வைச்ச மாதிரி."

சரி என்று சொல்லிவிட்டேன். அவருடைய உடம்பு, அவருடைய முடிவு, அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை. சொல்லும்போது தொண்டை அடைத்தது. இப்போது விடிய ஐந்தரைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு மரைன் டிரைவுக்குப் போகிறேன், மாமா நடந்த அதே பக்கமாக. முதல் கிழமை பம்பலப்பிட்டி ஸ்டேசன் வரைகூடப் போக முடியவில்லை, நேற்று தாண்டிப் போனோம்.